விஜய் நகர், மூன்றாம் மாடி

தண்ணீர் விடிய ஐந்தரைக்கு வரும்.
இருபது நிமிசம்தான். வாளி இரண்டையும் நிரப்பிவை.
கீசர் சுவிட்சை ஈரக்கையால் தொடாதே,
போன மாசிக்குப் பிறகு நான் அதை நம்புவதில்லை.

வெளிநாட்டார் பதிவுக்கு வீட்டுக்காரியின் கையெழுத்து வேணும்.
வாத்வா ஆன்ட்டி நாளைக்கு என்பா.
நாளைக்கும் நாளைக்கு என்பா.
படியிலேயே இரு.

கடையில் பாண் கேட்காதே, துஷாந்தினி.
நான் கேட்டேன், வந்த அன்று பின்னேரம், பசியோடு.
வெற்றிலை மடித்துத் தந்தார்.
காசு குடுத்தாச்சு, என்ன செய்ய,
மென்றுகொண்டே மெட்ரோ வரைக்கும் நடந்தேன்.
அம்மா வீடியோவில் வந்தா:
"வாயில என்னடி ரத்தம்?"

டபுள் ரொட்டி என்று சொல்.

மார்கழியில் காலுறையோடு படு.
ரஜாய் அலமாரிக்கு மேலே இருக்கு.
கிழிந்த பக்கத்தைச் சுவர்ப்பக்கம் போடு.