மூன்றாம் பக்கம்

கட்டிலை லாரியில் ஏற்றினேன். புத்தக அலமாரியை,
உன் அப்பாவின் படத்தை, இரண்டாவது மிக்சியை.
எல்லாம் சிக்மகளூர் போய்ச் சேர்ந்தன.
தேர்தலுக்கு ஒப்படைத்த துப்பாக்கி மட்டும்
கோத்தகிரி காவல் நிலையத்தின் பச்சைப் பீரோவில்
தேர்தல் முடிந்து, நம் வழக்கும் முடிந்த பிறகும்
கழுத்தில் அட்டைச் சீட்டோடு கிடந்தது.

பார்சல் ஆபீசில் கேட்டுப் பார்த்தேன்.
"என்ன சரக்கு?" என்றான் பையன்.
சொன்னேன்.
பேனாவைக் காதில் செருகிக்கொண்டு
உள்ளே போனவன் திரும்பி வரவில்லை.

போனில் நீ சொன்னாய், துரைசிங்:
பழமெடுப்பு நேரம், வர முடியாது.
உரிமத்தில் மூன்றாம் பக்கம் பார்.

பார்த்தேன்.
உடன் ஏந்துபவர் என்ற கட்டத்தில்
ரூத் ஜெயசீலி, உறவு: மனைவி.
நீல ஸ்வெட்டரில், கண்ணை மூடப்போகிற கணத்தில் நான்.
ரேஷன் கார்டில் நம்மைப் பிரித்துவிட்டார்கள்.
வங்கியில் பிரித்துவிட்டார்கள்.
கல்லறைத் தோட்டத்தில் வாங்கிய இரட்டை இடத்தைக்கூட
பாஸ்டர் இரண்டு ரசீதாக எழுதித் தந்துவிட்டார்.
இந்தப் பக்கத்தை யாரும் புரட்டவில்லை.

ஊட்டி ஆட்சியர் அலுவலகத்துக்கு நான்கு நடை.
உரிமம் தமிழ்நாட்டோடு நின்றுவிடுகிறது.
கர்நாடகம் சேர்க்க ஒரு தாள்,
அங்கிருந்து ஆட்சேபணை இல்லை என்று ஒரு தாள்,
புலிகள் காப்பகத்தின் சாலையில் ஆயுதம் கடக்க
வனத்துறையிடம் தனியாக ஒரு தாள்.
எழுத்தர் போஜராஜ் குல்லாயைக் காதுக்கு மேல் ஏற்றிவிட்டு
குழலின் எண்ணை விரல் வைத்து வாசித்தார்.
விரல், மனைவி என்ற சொல்லில் வந்து நின்றது.
கேட்கும் முன்பே தீர்ப்பு நகலை நீட்டினேன்.
தேநீர் வந்தது. குடித்தபடி முழுதும் படித்தார்.
"மனைவியா இருக்கணும்னு விதி சொல்லலம்மா.
பேர் இருந்தாப் போதும்.
போயிட்டு வாங்க, அப்புறம் அடிச்சிடுறேன்."

உன் அப்பா கடமான் சுட்டது தடை வருமுன்.
உன் கைக்கு வந்தபோது அது பயிர்க்காவல்.
ஏட்டு தோட்டாக்களை மேசையில் நிற்கவைத்து எண்ணினார்.
பத்தொன்பது.
"இருபது வாங்கியிருக்கு."
பன்றிக்கு, என்றேன்.
பதிவேட்டில் நீயும் அப்படித்தான் எழுதியிருந்தாய்.
சமையலறைத் தகரத்தில் அந்தத் துளை இன்னும் இருக்கிறது.
மழை பிடித்தால் அடியில் ஒரு கிண்ணம் வைக்கிறேன்.

போல்ட் ஒரு பையில். குழல் பூட்டிய பெட்டியில்.
தோட்டாக்கள் வேறொரு டப்பாவில், முன் இருக்கைக்கடியில்.
சேர்ந்திருந்தால்தான் பயமாம், ஏட்டு சொன்னார்.
கல்லட்டியில் பெட்டி உருளும் என்று
கூடலூர் சுற்றிப் போனேன்.
நடுவட்டத்தில் பனி. விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தேன்,
பின் இருக்கையில் தூங்கும் குழந்தையை
எழுப்பிவிடக் கூடாது என்பது போல.
நமக்கு அப்படி யாரும் இருந்ததில்லை.

கக்கநல்லாவில் எல்லாத் தாளையும் வாங்கினார் வனக்காவலர்.
பெட்டியைத் திறந்து எண்ணைச் சரிபார்த்து மூடினார்.
பதினொன்று நாற்பது என்று நேரம் குறித்து
"எங்கேயும் நிறுத்தாதீங்க" என்றார்.
நிறுத்தவில்லை.
இடப்பக்கம் காட்டெருமைகள் நின்றன என்று நினைக்கிறேன்.
திரும்பிப் பார்க்கவில்லை.

சிக்மகளூர் காவல் நிலையத்தில் நீ காத்திருந்தாய்,
கை முழுக்கக் காப்பிக் கறை.
குழலை முகர்ந்து பார்த்தாய்.
போல்ட்டைப் பொருத்திக் கழற்றினாய்.
தோட்டா டப்பாவைத் திறந்தாய், எண்ணவில்லை, மூடினாய்.
பெற்றுக்கொண்டேன் என்று தமிழில் கையெழுத்திட்டாய்.
அந்த எழுத்தரால் அதை வாசிக்க முடியவில்லை.
கீழே கன்னடத்தில் அவரே ஏதோ எழுதிக்கொண்டார்.

மறுநாள் திரும்பும்போது சோதனைச் சாவடியில்
டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள்.
ஒரு ஸ்டெப்னி.
குண்டலுப்பேட்டையில் வாங்கிய
கூரை ஒட்டும் பசை, அரைக் கிலோ.