ஆறாம் எண் வீட்டுச் சுவர்

எங்கள் ஊர் பாசோ தெல் சௌசே.
உருகுவே வரைபடத்தில் பெரும்பாலும் அச்சாகாது.
ஒரு பள்ளிக்கூடம், ஒரு பெட்ரோல் பம்ப்,
சனிக்கிழமை மட்டும் வரும் டாக்டர்.

நாங்கள் குடியிருந்தது வேலைக்குள்:
பண்ணையில் மாடு கறக்கும்வரை கூரை உண்டு,
கறவை நின்ற அன்றைக்கே கூரையும் நின்றுவிடும்.
பண்ணையை விற்றார்கள். யூகலிப்டஸ் நட்டார்கள்.
மரங்களைக் கறக்க ஆள் தேவையில்லை.
மில்காவும் நானும் ஒரு பசுவும்
பள்ளிக்குப் பின்னால் தகரக் கொட்டகைக்குப் போனோம்.
மழைக்கு ஐந்து வாளி.

பிறகு தலைநகரத்திலிருந்து ஒருத்தி வந்தாள், இவோன் பெரட்டா,
சேறு படிந்த காரில், சுருட்டிய வரைபடங்களோடு.
நிலம் ஊராட்சி தரும், செங்கல்லும் சிமெண்டும் அரசு தரும்,
ஒரு கொத்தனார் வருவார்,
கைகள் உங்களுடையவை என்றாள்.
குடும்பத்துக்கு வாரம் இருபத்து நான்கு மணிநேரம்.
தவணை, வருமானத்துக்கு ஏற்ப.
கடைசியாக ஒரு விதி:
"பதினான்கு வீடும் முடியும்வரை
எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது.
சீட்டுக் குலுக்கித்தான்."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.
வில்மார் தெச்சேரா தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினான்.
வேலித் தகராறில் என் பசுவை
மூன்று நாள் கட்டிவைத்தவன்.
அவன் வீட்டுக்கு நான் கல் சுமப்பதா?

சுமந்தேன்.
எது அவனுடையது என்று தெரிந்தால்தானே
கோணலாக வைக்க.

கொத்தனார் நெரி அதிகம் பேசமாட்டார்.
தூக்குக்குண்டைத் தொங்கவிடுவார், பார்ப்பார்,
காலால் ஒரு தட்டு. வரிசை சரியும்.
மறுபடி.
பள்ளிச் சமையல்காரி சித்தாள் ஆனாள்,
ஆட்டு ரோமம் கத்தரிப்பவன் கம்பி கட்டினான்,
நான் ரசமட்டத்தின் குமிழியை
நடுவில் நிறுத்தப் பழகினேன்.
அந்தக் குமிழிக்கு என்னைக் கண்டால் ஆகாது.
மார்ச் முழுக்க மழை. ஜூனில் சிமெண்ட் லாரி வரவில்லை.
இரண்டு குடும்பம் விட்டுப் போனது, வேறு இரண்டு வந்தது.
போனவர்கள் பெயரை மணிக்கணக்கு நோட்டில்
யாரும் அடிக்கவில்லை. அப்படியே இருக்கிறது.

ஆறாம் எண் மீது எனக்கு ஆசை விழுந்தது.
காரணம் சொல்லிவிடுகிறேன்: சமையலறை வடக்கு பார்த்தது,
பூமியின் எங்கள் பாதியில் குளிர்கால வெயில்
வடக்கிலிருந்துதான் வரும்.
ஒரு மாலை எல்லாரும் கை கழுவப் போன நேரம்
ஈரக் கலவையில் ஆணியால் மகள் பெயரைக் கீறினேன்.
மறுநாள் அதன்மேல் பூச்சு.
சுவரே ஒத்துக்கொண்டது, இனி யார் மாற்றுவது?

சீட்டு மாற்றியது.
நவம்பரில், பள்ளி முற்றத்தில்,
பால் கேனுக்குள் பதினான்கு காகிதம்.
எனக்கு இரண்டு. வில்மாருக்கு ஆறு.
எல்லாரும் கைதட்டினார்கள்.
நானும் தட்டினேன், கொஞ்சம் பிந்தி.

முதல் மழைக்கு, பழக்கத்தில்,
வாளியைக் கட்டிலருகே வைத்துப் படுத்தேன்.
விடியும்வரை காய்ந்தே இருந்தது.
ஒழுகாத வீட்டில் தூக்கம் வர
ஒரு வாரம் பிடித்தது.

ஜூலையில் வில்மார் என் வாசலில் நின்றான்.
நாலு வருஷத்தில் முதல் பேச்சு:
"சமையலறைச் சுவர்ல ஓதம் ஏறுது.
அந்த வரிசை நீ வச்சதுன்னு நோட்டுல இருக்கு."

கரணையை எடுத்துக்கொண்டு போனேன்.
பூச்சைத் தட்டினேன். உதிர உதிர
ஒவ்வோர் எழுத்தாக வெளியே வந்தாள் மில்கா.
அவன் விளக்கைக் கிட்டே பிடித்தான்.
முழுசாகப் படித்தான்.
என் காது சுட்டது.
"கொஞ்சம் ஆழமாத்தான் கீறியிருக்கே" என்றான்.

கலவையைக் குழைத்துக் கொடுத்தான்.
அடைத்தேன். மட்டம் வைத்துப் பார்த்தேன்.
குமிழி நடுவில் நின்றது.

வேலிக் கணக்கு இன்னும் தீரவில்லை.
மூன்று நாள் பாலுக்கு அவன் காசு தரவேண்டும்,
தருவான் என்று தோன்றவில்லை.
மாதம் ஐந்தாம் தேதி, தவணை கட்ட
ஒரே வரிசையில் நிற்கிறோம்,
அவன் எனக்குப் பின்னால்.