பிடிக்கத் தெரிந்தவர்கள்

குளத்தூரில், பழைய ரீசார்ஜ் கடை.
இரண்டு கோட் வெள்ளையடித்தும்
ஷட்டரிலிருந்து போகவில்லை
'இங்கு டாப்-அப் செய்யப்படும்'.
அதன்மேல் என் பெயர், பட்டம்,
பக்கத்தில் ஒரு பூனை.
பெயின்டருக்கு முயல்தான் வந்தது.
இருக்கட்டும் என்று விட்டேன்.

வேப்பேரியில் ஐந்தரை வருடம்.
பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை கைவிட்டவள்.
'ஐந்நூறு ரூபாய்' என்று
ஒரு முகத்தைப் பார்த்துச் சொல்வதற்கு
எந்த வகுப்பும் இல்லை.
முதல் மாதம் முழுக்க
மருந்துச் சீட்டின் மூலையில்
பொடி எழுத்தில் எழுதி நீட்டினேன்,
கைமாற்று கேட்பவளைப் போல.

உதவிக்கு ஆள் கிடையாது.
வாடகை போக,
தடுப்பூசி ஃபிரிட்ஜுக்கு வாங்கிய
இன்வெர்ட்டரின் தவணை போக,
மிஞ்சுவதில் ஒரு சம்பளம் அடங்காது.
அழைத்து வருகிறவர்களே பிடிக்க வேண்டும்.

நாய் பிடிக்குமா என்பதல்ல கேள்வி.
பிடிக்கும் என்றுதான் எல்லோரும் வருகிறார்கள்.
பிடிக்கத் தெரியுமா?
ஊசியைக் கண்டதும்
லேப்ரடாரின் கழுத்தை விட்டுவிட்டுத்
தன் கண்ணைப் பொத்திக்கொண்டார்
ஒரு வங்கி மேலாளர்.
என் கட்டைவிரல் தழும்பு
அவர் போட்டது.
நாயைக் குறை சொல்லமாட்டேன்.

தண்ணீர் கேன் போட வந்த அசார்
கேனை இறக்கிய கையோடு
அறுபது கிலோ ராட்வீலரை
அணைத்துக்கொண்டு நின்றான்.
அது மூச்சுவிட்டது, நானும்.
படியிறங்கும்போது சொன்னான்:
"எனக்கு நாயே புடிக்காது டாக்டர்."

ஐப்பசி மழையோடு பார்வோ வந்தது.
தெருவில் கணுக்கால் தண்ணீர்.
ஒரே ராத்திரியில் மூன்று குட்டிகள்.
ஒரு சலைன் ஸ்டாண்டில்,
ஒன்று ஜன்னல் கம்பியில்,
மூன்றாவது காலண்டர் ஆணியில்.
காலண்டரைக் கழற்றித் தரையில் போட்டதால்
அன்று என்ன கிழமை என்று
இப்போதும் தெரியவில்லை.
இரண்டு பிழைத்தன.

நேற்று, மூடுகிற நேரத்தில்
குமுதவல்லி அம்மாள்,
பதினைந்து வயது பாமரேனியனோடு.
பூரி என்று பெயர்.
இரண்டு கிட்னியும் போய்விட்டதை
போன வாரமே சொல்லியிருந்தேன்.
அவருக்குப் பிடிக்கத் தெரிந்திருந்தது.
முழங்கை மடிப்பில் தலை,
கட்டைவிரல் நரம்பின் மேல்,
நான் சொல்லாமலே.
ஊசியை எடுத்த பிறகும்
பிடித்தது பிடித்தபடி.
'விடுங்கள்' என்று சொல்வதற்கும்
வகுப்பு இல்லை.
ட்யூப்லைட்டைச் சுற்றும் ஈசல்களைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நிமிர்ந்து கேட்டார்: "எவ்வளவு?"
சொன்னேன், முகத்தைப் பார்த்து.
எண்ணிக் கொடுத்தார்.
ரசீது வேண்டும் என்றார்.
நோயாளி பெயர்: பூரி.
"இனிஷியல் போடும்மா," என்றார்,
"வை. அவங்க அப்பா வைத்தியலிங்கம்."
அடித்துவிட்டு, திரும்ப எழுதினேன்.
வை. பூரி.

அவர் ஆட்டோ திரும்பியபின்
ஷட்டர் பாதியில் சிக்கியது.
முயலின் காதுவரை இறங்கி
அப்படியே நின்றது.
போனில் அசார்:
'நாளைக்கு கேன் வேணுமா?'
உள்ளே ஒரு கேன்
மூடிகூடத் திறக்காமல் இருக்கிறது.
வேண்டும் என்று அனுப்பினேன்.