கால் மில்லி

இரவு இரண்டு பத்துக்கு பெல்ட் நிற்கும்.
இருபது நிமிடம்.
கையுறையைக் கழற்றி,
காது மடலில் ஒட்டிய காட் மீன் செதிலையும் உரித்துப் போட்டு
கேன்டீன் மூலையில் உட்காருவேன்.
எதிரே வைதோதாஸ்,
லிதுவேனியாக்காரன், கத்தி தீட்டுகிறவன்,
என் கேள்வித்தாளைக் கை நீட்டித் தூரப் பிடித்து
கண்ணாடி இல்லாமல் வாசிப்பான்.

போட்ஸ்ஃபியூரில் சூரியன் போய் மூன்று வாரம்.

“குழந்தை. பதினாலு கிலோ. காய்ச்சல்.
கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம்.
பாட்டிலில் மில்லிக்கு இருபத்துநாலு.”
இருநூற்றுப்பத்து. வகுத்தால்
எட்டே முக்கால் மில்லி.
பின்பக்கம் பார்த்துத் தலையசைத்தான்.
“யார் பிள்ளை?”
யார் பிள்ளையும் இல்லை, கணக்கு.
“காய்ச்சல் இறங்கிச்சா?”
அது தாளில் இல்லை, வைதோதாஸ்.

எனக்கு முப்பத்தொன்பது வயது.
பன்னிரண்டு வருடமாக நானூறு கிராம் துண்டைக்
கண்ணாலேயே வெட்டுகிறேன்.
பத்து கிராம் கூடக் குறைய இருந்தால்
தராசு பொறுத்துக்கொள்ளும்.
கல்லூரி பொறுக்காது: பதினாலுக்குப் பதினாலு.
இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் பதிமூன்று.
முதல் தடவை மைக்ரோவை மில்லி என்று படித்தேன்.
அடுத்த தடவை ஆயிரம் மில்லி சலைன், எட்டு மணி நேரம்,
மணியை நிமிடமாக்க மறந்து
நிமிடத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு சொட்டு என்று எழுதினேன்.
அதற்குப் பெயர் சொட்டா? தீயணைப்புக் குழாய்.

“பெண். எண்பத்தொன்று. இடுப்பு முறிவு.
நாற்பத்தேழு கிலோ.
மார்ஃபின் இரண்டரை மில்லிகிராம்.
ஆம்பூலில் மில்லிக்குப் பத்து.”
மணி அடித்துவிட்டது. எழுந்தபடியே
இரண்டரை மில்லி என்றேன்.
தாளைத் திருப்பினான்.
இன்னொரு தரம் திருப்பினான்.
“கொன்னுட்டே.”

எங்கள் நாட்டில் தசமத்துக்குப் போடுவது காற்புள்ளி.
வாக்கியம் மூச்சு வாங்கும் இடத்தில்
போடுகிற அதே சின்னக் கீறல்.
ஓரிடம் தள்ளிப் போட்டேன்,
அவள் மூச்சு வாங்க இடமில்லாமல் போனது.

விடியும்வரை அவன் பேசவில்லை.
விடியும்வரை என்றால் ஷிப்ட் முடியும்வரை;
இங்கே விடிவதில்லை.
அன்று வந்த கத்திகள்
தேவைக்கு மேல் கூராக இருந்தன.

வீட்டில் சிரிஞ்சில் தண்ணீர் இழுத்து
பூஜ்யம் காற்புள்ளி இரண்டு ஐந்து வரை தள்ளி
மேஜைமேல் விட்டுப் பார்த்தேன்.
ஐந்து சொட்டு.
இவ்வளவுதானா ஒரு இடுப்பின் இரவு?
பூனை ஏறி நக்கிவிட்டுப் போனது.

மறுநாள் அவளுக்குப் பெயர் வைத்துக்கொண்டு வந்தான்.
“யாத்விகா. பேர் இல்லேன்னா நீ அவசரப்படுவே.”
அதற்குப் பிறகு ஹெப்பாரின், இன்சுலின்,
எல்லாவற்றுக்கும் நடுவே
சொல்லாமல் கொள்ளாமல் அவள் வருவாள்.
தாளில் இல்லாத எண்களோடு,
அவன் பேனா மையில்.
“யாத்விகாவுக்கு இன்னைக்கு அஞ்சு.”
அரை மில்லி.
“ராத்திரி வலி கூடிப்போச்சு. ஏழரை.”
முக்கால். மூச்சை எண்ணிப் பார்த்தீர்களா?
“எண்ணினேன். பதினாலு.”
இது எந்தக் கேள்வியிலும் கிடையாது.
நானும் கேட்டேன், அவனும் சொன்னான்.
“தேவலாம் இப்போ. இரண்டரை.”
கால்.
“மறுபடி சொல்லு.”
கால்.

ஜனவரி ஒன்பது, பரீட்சை.
பதினோராவது கேள்வி ஒரு ஆண், தொண்ணூறு கிலோ.
பெயர் போடவில்லை.
ஓரத்தில் பென்சிலால் ஒரு பெயர் எழுதி,
கணக்கை முடித்து,
பெயரை அழித்தேன்.
அழித்த இடம் கொஞ்சம் கறுத்துவிட்டது.

முடிவு வெள்ளிக்கிழமைதான் வரும்.
இன்று செவ்வாய்.
தீட்டுகல்லில் இருந்து தலை நிமிராமல்
“தூங்கினாளா?” என்றான்.
தூங்கினாள்.
“மூச்சு?”
சீராக இருக்கிறது, என்றேன்.
பெல்ட் புறப்பட்டது.