கொடுத்தனுப்பியவை

முப்பத்து நான்கு பெயர்கள்.
டயாலிசிஸ் பிரிவின் மருந்துச் சீட்டுக்குப் பின்பக்கம்
என் கையெழுத்தில்தான் எழுதினேன்,
ஊசி ஏறிய கையால் அவர்களால் எழுத முடியாது.
சிலர் நோயைச் சொன்னார்கள், சிலர் மகனை.
ஏழாம் கட்டில்காரர் கடவுள் இல்லை என்பவர்.
"எதற்கும் என் பெயரையும் போட்டுவையுங்கள்" என்றார்,
லாட்டரிச் சீட்டு வாங்குகிற குரலில்.

எருசலேமில் மெழுகுவர்த்தியை
முப்பத்து மூன்றாகக் கட்டி விற்கிறார்கள்,
அவர் வாழ்ந்த ஆண்டுகளின் கணக்கு.
ஒன்று குறைகிறதே என்றேன்.
கடைக்காரர் நிக்கோலா தோளைக் குலுக்கினார்:
"அவர் இன்னும் ஓராண்டு இருந்திருக்கலாம்தான்."

கல்லறைக் கோயிலில் இரண்டு மணி நேர வரிசை.
முன்னால் வெள்ளை போர்த்திய எத்தியோப்பியப் பெண்கள்,
பின்னால் முழங்கால் மாற்றிய போலந்துக்காரர்
(நடையிலேயே எனக்குத் தெரிந்துவிடும்).
தைலம் பூசிய கல்லில் எல்லோரும்
கைக்குட்டையைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தார்கள்.
நான் விளிம்பில் சிந்தியிருந்த எண்ணெயைத் துடைத்தேன்.
துடைத்தபின்தான் தோன்றியது, இதுவும் ஒருவேளை...
இல்லை. பழக்கதோஷம்.

குனிந்து உள்ளே நுழைந்தால்
ஒரு பளிங்குப் பலகை, மேலே விளக்குகள்.
நோயாளி எழுந்துபோன கட்டில்.
எத்தனை பார்த்திருக்கிறேன்,
கலைந்த விரிப்பு, இன்னும் கழற்றாத பெயரட்டை.
வீட்டுக்குப் போனாரா, வேறெங்குமா என்று
விரிப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது.
முதல் பெயரை வாசிப்பதற்குள்
துறவி கதவுச் சட்டத்தைத் தட்டினார்.
அடுத்தவர்.

வெளியே, மணல் தட்டில் ஏற்றத் தொடங்கினேன்.
ஒரு பெயர், ஒரு திரி.
பத்தொன்பதாவதில் ஒரு கை குறுக்கே வந்து
அத்தனையையும் ஒரே பிடியாய்ப் பிடுங்கித்
தகர வாளியில் போட்டது.
எரிந்தது இரண்டு நிமிடம் இருக்குமா?
சண்டை போட்டேன், என் மொழியில்.
கோபத்துக்கு வேறு மொழி வரவில்லை.
அந்தப் பையன் இல்யாஸ்,
பெய்த் சாஹூரிலிருந்து விடியுமுன் கிளம்பி
சோதனைச் சாவடி வரிசையில் நின்று வருகிறவன்,
கழுத்தில் அனுமதி அட்டை, மறுகையில் எள் ரொட்டி.
"இடம் வேண்டுமே" என்றான்.
திரும்பிப் பார்த்தேன்.
ஒரு பேருந்துக் கூட்டம், பற்றவைக்காத திரிகளோடு.

எனக்குத் தெரியாத நியாயமா அது?
நான்கு மணி நேரம் ஒருவர், இயந்திரத்தைக் கழுவி
அடுத்தவர். அழுதாலும் அடுத்தவர்.
பதினாறு ஆண்டுகளாகத் தட்டுகிறவளும் நான்தான்,
வாளியும் நான்தான்.
அப்படியானால் ஒரு ஜெபம்
எவ்வளவு நேரம் எரிய வேண்டும்?
முழுதாய் எரிந்தது மட்டும்தான் போய்ச் சேருமா?
மேலே பார்த்தேன். புகைபிடித்த கூரை.
பதில் வந்தது என்று சொன்னால் பொய்.

மீதிப் பதினான்கையும் ஏற்றினேன், வேகமாக,
எத்தனை நிமிடம் என்று எண்ணாமல்.
பிறகு இல்யாஸ் ரொட்டியைக் கடித்த நேரம் பார்த்து
வாளிக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தேன்.
யாருடையதோ. பாதி.
இன்னும் சூடாக இருந்தது, விரல் பட்ட இடத்தில் வளைந்தது.
ஏழாம் கட்டில்காரருக்கு இது.
ஏற்றவில்லை. அப்படியே பெட்டிக்குள் வைத்தேன்.

விமான நிலையத்தில் அந்தப் பெண்ணுக்கு
இருபத்திரண்டு வயதிருக்கும்.
"யாராவது உங்களிடம்
எதையாவது கொடுத்தனுப்பினார்களா?"
இல்லை.
வளைந்த மெழுகுவர்த்தியை வெளிச்சத்தில் பிடித்தபடி
மறுபடியும் கேட்டாள்.
இல்லை, ஒன்றுமில்லை.
மேலதிகாரி வந்தார், அதையே கேட்டார்.
எனக்கு யாரும் எதுவும் தரவில்லை.

மூன்றாம் முறை சொன்னதும்
காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.
சேவல் எதுவும் கூவவில்லை.
ஒரு தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது.
போகலாம் என்றார்கள்.

பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்தேன்.
பதினோரு கிலோ என்று காட்டியது.
நான் நம்பவில்லை.