இரண்டாம் தட்டு

படத்துல நான் இல்லீங்.
கோபியில அது ஓடுன இருவது நாளும்
சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா பாத்துட்டு வந்து
"எங்க மாப்ள, உன்னையக் காணோம்"ன்னாங்க.
மூத்த மச்சான் மட்டும் பெருந்தன்மையா,
"நான் ஒண்ணுக்குப் போயிருந்தேன்,
அப்ப வந்திருப்பே"ன்னார்.

ரெண்டு நிமிசம் பதினோரு செகண்டு.
பாரியூர் ரோட்டுல வாய்க்கால் பாலம்.
காக்கிச் சட்டை கம்பெனி குடுத்தது,
சைக்கிள் எம்பட சைக்கிள்.
கடுதாசியை நீட்டி நான் சொல்லோணும்:
"கையெழுத்துப் போடுங்."
அந்தப் புள்ள பேனாவுக்குத் தடவும்.
நான் காதுல இருந்து எடுத்துக் குடுத்தேன்.
யாரும் சொல்லிக் குடுக்கலை.
டைரக்டர் ஓகே சொல்ல மறந்து
"அட"ன்னார்.

அப்புறம் படம் நீளமாயிருச்சாம்.

ஆறு மாசங் கழிச்சு காந்திபுரத்துக் கடையில
நானூத்தித் தொண்ணூத்தொம்பது ரூவாய்க்கு
ரெண்டு தட்டு வெச்ச பெட்டி.
ஒரு நாள் ஆட்டோ வசூலு அத்தனையும் போச்சு.
ஒண்ணாந் தட்டுல படம்.
ரெண்டாந் தட்டுல
மழை வந்து செட்டு சாஞ்சது, வசனம் மறந்து சிரிச்சது,
அதையெல்லாம் தாண்டிக் கீழ்க்கோடியில
நீக்கப்பட்ட காட்சிகள்.
ஏழு. அஞ்சாவது நான்.

என் தலைக்கு மேல டைரக்டரோட குரலு:
"இந்தத் தபால்காரர் நெசத்துல ஆட்டோ ஓட்டறவர்.
காதுல பேனா, அது அவராப் பண்ணினது.
இதை வெட்டுன அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கலை.
அவர் பேரு... பேரு வந்து..."

மூணு செகண்டு.
ஏசி ஓடற சத்தம். யாரோ தாளைப் புரட்டறாங்க.
பொறவு அவர் ஆறாவது காட்சிக்குப் போயிடறார்.

அந்த மூணு செகண்டுக்குள்ள
"நாச்சிமுத்து"ன்னு சொல்லிருவேன்.
மொதல்ல மனசுக்குள்ள.
போகப் போக வாய்விட்டு.
ஒரு நாள் இருமல் வந்து நேரந் தப்பப் பாத்துச்சு,
துளசிமணி கரண்டியோட வந்து நின்னு
சரியா அந்தச் சந்துல
என்ர பேரைச் சொன்னா.
கல்யாணமாகிப் பதினெட்டு வருசத்துல
அவ என் பேரைச் சொல்லி நான் கேட்டது
அன்னிக்குத்தானுங்.

பிளேயரு போன தைப்பூசத்தோட
வாயைத் தொறக்க மாட்டேன்னுருச்சு.
லேப்டாப்புக்கு இப்பல்லாம் வாயே கெடையாதாம்.
ஈரோட்டு ரிப்பேர்க்காரர்
"பெல்ட்டு வர்றதில்லீங்"ன்னு கையை விரிச்சார்.

ஒண்ணாந் தட்டு மச்சானோட மக்காச்சோளக் காட்டுல
மயில் வெரட்டத் தொங்குது.
மின்னறது என்னமோ மின்னுது,
மயிலுக அதுக்குக் கீழயே நின்னு மேயுதுக.
ரெண்டாவதையுங் கேட்டார்.
"அதுலதான் நான் இருக்கறேன்"ன்னேன்.
"அப்பக் கண்டிப்பா ஓடீரும்"ன்னார்.

போன வாரம் சின்னவ போன்ல படத்தை எடுத்துக் காட்டுனா.
என்னா துல்லியம்!
வாய்க்கால்ல கெண்டை புரள்றது வரைக்குந் தெரியுது.
பாலம் வருது.
அந்தப் புள்ள கையில கடுதாசி இருக்குது.
யாரு கொண்டாந்து குடுத்தாங்கன்னு
ஊர்ல ஒருத்தருங் கேக்கலை.

"மத்ததெல்லாம் எங்க சாமி?"ன்னேன்.
மேல தள்ளுனா, கீழ தள்ளுனா.
"படம் மட்டுந்தாம்ப்பா இருக்குது."

பேருக ஏறத் தொடங்குனதும்
திரை சுருங்கித் தீப்பெட்டியாட்டம் மூலைக்குப் போயிருச்சு.
எழுத்தெல்லாம் எறும்பு.
அடுத்த படம்
அஞ்சு, நாலு,

மூணுல நான் வாயைத் தொறந்தேன்.

"என்னப்பா?"ன்னா சின்னவ.

அதுக்குள்ள
வேற யாரோ ஓட ஆரம்பிச்சுட்டாங்க.