குழி இடப்பக்கம்

யாகூட்ஸ்க் சந்தையில் மீன்கள் நிற்கின்றன.
படுத்திருக்கவில்லை, நிற்கின்றன:
வாளியில் வால் ஊன்றி, வாய் பிளந்து,
பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் போல.
குளிர் நாற்பத்தெட்டு.
பூஜ்யத்துக்குக் கீழே என்று இங்கே யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

கத்தி வாங்க வந்தேன்.
அல்தான் ஆற்றின் பனிக்கட்டியைப் பத்து நாளுக்கு ஒருமுறை
துளையிட்டு அளப்பது என் வேலை.
உறைந்த கயிறு, அடுப்புக்குச் சிராய், டப்பா மூடி, இரவில் மீன்,
எல்லாவற்றுக்கும் ஒரே கத்தி.
பழையது போன மாதம் ஒரு மரக்கணுவில் பட்டுப்
பல் போய்விட்டது. எவர்சில்வர்.
பளபளப்புக்குக் குளிர் தாங்காது.

புரொகோப்பியின் மேசையில் பதினேழு கத்திகள்.
மூன்றை எடுத்த வேகத்தில் வைத்தேன்:
பிடியில் பித்தளை வளையம்.
இந்தக் குளிரில் உலோகம் தோலைத் தொட்டால்
தோல் உலோகத்தோடு போய்விடும்.
ஒன்றில் மான்கொம்புப் பிடி, அதில் மானின் படம்,
மானைப் பற்றி இரண்டு வரி.
அது சுவரில் மாட்டுகிறவர்களுக்கு.
இன்னொன்றின் முதுகு தடிமன், விறகு பிளக்கலாம்.
விறகு பிளக்க எனக்குக் கோடரி இருக்கிறது.
கூர் மட்டும் இருந்து என்ன?
மழுங்கினால் பீங்கான் கோப்பையின் அடிவிளிம்பில்
நாலு இழுப்பில் திரும்பி வரவேண்டும்.

கட்டைவிரல் நகத்தில் நிறுத்திப் பார்த்தேன்.
வழுக்கினால் பொய். கடித்தால் மெய்.
பழைய அரத்தை அடித்துச் செய்த ஒன்று கடித்தது.
எண்ணெயில் வெந்த பிர்ச் மரப் பிடி
முட்டையைப் பிடித்தது போல உள்ளங்கையில் உட்கார்ந்தது.

“சீவிப் பாருங்கள்” என்றார்.
பக்கத்துக் கடை உல்யானா வாளியிலிருந்து
ஒரு மீனை உருவித் தந்தாள்.
சீவினேன். கத்தி வெளியே ஓடியது.
மறுபடி. இம்முறை உள்ளே புதைந்தது.
சுருள் வரவேண்டிய இடத்தில் தூள்.

எனக்குப் பழக்கம்தான்.
உலான் உதேயிலிருந்து வேலைக்கு வந்து, இங்கேயே மணந்து,
பதினோரு குளிர்காலம்.
விருந்தில் மீன் சீவ என்னைக் கூப்பிடுவதில்லை.
கத்தி அவர்களுடையது, மீன் அவர்களுடையது,
தூள் மட்டும் என்னுடையது.
“ஆர்யூனா சீவினால் பூனைக்கு” என்பாள் நாத்தனார் சாய்னா.
ஆடத் தெரியாதவள்தானே கூடம் கோணல் என்பாள் என்று
நானும் வாயைத் திறந்ததில்லை.

புரொகோப்பி பார்த்தார்.
கத்தியை அல்ல, கையை.
“நொட்டாங்கையா?”
“ஆமாம்.”
“இது வலக்கைக் கத்தி, அம்மா.
எங்கள் கத்திக்கு ஒரு பக்கம் வயிறு, ஒரு பக்கம் தட்டை.
தட்டையில் ஓடுகிற குழி எந்தப் பக்கமோ
அந்தப் பக்கத்துக் கைக்குத்தான் அது.
யாரும் சொல்லவில்லையா?”

யாரும் சொல்லவில்லை.
கூடம் மெய்யாகவே கோணல்.

மேசைக்கடியில் குனிந்து, செய்தித்தாள் சுற்றிய ஒன்றை எடுத்தார்.
வில்யுய்ஸ்க்கிலிருந்து ஒருவர் சொல்லி அடித்ததாம்.
மூன்று வருடம். ஆள் வரவில்லை.
அழகில்லை. முனையருகே சுத்தியல் தழும்பு,
பிடியில் ஆணிக்கண் அளவு கறை.
குழி இடப்பக்கம்.

சீவினேன்.
சுருள் எழுந்தது. தாள் போல, நீளமாக,
தன்னைத் தானே சுற்றிக்கொண்டு
உல்யானாவின் கையுறை மேல் விழுந்தது.
மறுபடி சீவினேன். மறுபடி.
“போதும். மீனுக்குக் காசு வை” என்றாள்.

மகிழ்ச்சி என்று சொல்லமாட்டேன்.
கோபம் வந்தது,
யார்மேல் என்று தெரியாத, அளவெடுக்க வராத கோபம்.

எட்டாயிரம் ரூபிள் என்றார்.
“இதற்கு உங்களிடம் வேறு ஆள் வராது. ஏழு” என்றேன்.
“உங்களுக்கும் வேறு கத்தி வராது” என்றார்.
எட்டு கொடுத்தேன்.

இன்று ஆற்றில் பனி ஒரு மீட்டர் ஏழு சென்டிமீட்டர்.
துளையில் ஒட்டிய கயிறு ஒரே இழுப்பில் அறுந்தது.
ஞாயிற்றுக்கிழமை சாய்னா வருகிறாள்.
மீன் வாங்கி வைத்திருக்கிறேன்,
வாசலில், வாளியில்,
வால் ஊன்றி.